ஒட்டி நிற்கும் ஆம்

நாற்காலி வேண்டாம், ஐயா. நான் நின்றுகொண்டே பேசிப் பழகியவன். உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது. மரத்துப்போனால் எழுந்து நடக்கத் தோன்றுகிறது. நடந்தால் எதிரில் இருப்பவருக்கு எரிச்சல் வருகிறது. ஆகவே சன்னல் ஓரமாக இப்படியே நிற்கிறேன். அவ்வப்போது அங்குமிங்கும் ஓர் அடி எடுத்து வைப்பேன். அதைக் குற்ற உணர்ச்சி என்று குறித்துக்கொள்ள வேண்டாம். என் உடம்பின் வாகு அது.

உங்கள் வேலை எனக்கு விளங்குகிறது. எங்கள் அகராதி அலுவலகத்தில் ஆசிரியராக இருந்த ஒரு பெண், இன்று மனநல மருத்துவமனையின் பூட்டிய கூடத்தில் இருக்கிறார். அவருடைய சிறு மகள் தகப்பன் வீட்டில் இருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குச் சித்தம் கலங்கியது உண்மையா, கலங்கியதாகப் பேசப்பட்டது மட்டும்தான் உண்மையா என்று விசாரித்து வரும்படி நீதிமன்றம் உங்களை அனுப்பியிருக்கிறது. நீங்கள் எழுதுவதைப் பொறுத்து அந்தக் கதவு திறக்கும்; மகளும் தாயிடம் திரும்புவாள். எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொருவரையும் ‘உங்களுக்கு யார் சொன்னது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டியிருக்கிறார்கள். காட்டிய விரல்களைப் பிடித்துக்கொண்டே வந்தால் கடைசி விரல் என்னைக் காட்டுகிறது. நான் யாரைக் காட்டப்போகிறேன் என்பதுதான் உங்களுக்குத் தெரியவேண்டும்.

சொல்கிறேன். ஆனால் முறையாகச் சொல்ல விடுங்கள். ஒரு சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது கடைசிப் பொருளை முதலில் எழுதுவதில்லை.

அவரை நாங்கள் அகரம் என்று அழைப்போம். உயிரெழுத்தில் தொடங்கும் சொற்கள் அனைத்தும் அவர் பொறுப்பில் இருந்தன. மற்றவை என் பொறுப்பு. ‘உயிர் அக்காகிட்ட, மெய் சார்கிட்ட’ என்று எங்கள் தட்டச்சுப் பெண் கேலி செய்வாள். அகரம் என்னை அண்ணா என்றே அழைத்தார். அடித்த கணவனை விட்டுவிட்டு, மகளோடு தம் அண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்தார். எங்கள் இருவர் மேசைகளும் எதிரெதிரே. நடுவில் சொல்லட்டைகள் அடங்கிய இழுப்பறைகள், பசைக் கிண்ணம், காகிதம் வெட்டும் கத்தி. பல ஆண்டுகள் அந்த அறையில் பசை வாசனையையும் சொற்களையும் பகிர்ந்துகொண்டு ஒரு மனத்தாங்கலும் இல்லாமல் இருந்தோம்.

பிறகு ‘ஆம்’ வந்தது.

ஐயா, அந்தச் சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். தனியே நின்றால் அது ஒப்புதல். ‘நீ செய்தாயா?’ ‘ஆம்.’ அதோடு முடிந்தது. அதே சொல் வினைச்சொல்லின் வாலில் போய் ஒட்டிக்கொண்டால் அது வேறு. ‘வந்தான்’ என்றால் நான் பொறுப்பு. ‘வந்தானாம்’ என்றால் நான் பொறுப்பில்லை. எவரோ சொன்னார், நான் கேட்டேன், உனக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான். ஒரே சொல் நிமிர்ந்து நின்றால் வாக்குமூலம். ஒட்டி நின்றால் நழுவல். இந்த ஒட்டுக்கு அகரம் இப்படிப் பொருள் எழுதியிருந்தார்: ‘தான் பொறுப்பேற்க விரும்பாத செய்தியைப் பிறரிடையே பரப்பப் பயன்படும் இடைச்சொல்.’

நான் மறுத்தேன். ‘தான் நேரில் காணாததை, கேட்டு அறிந்ததாக நேர்மையுடன் உணர்த்தும் இடைச்சொல்’ என்று திருத்தச் சொன்னேன். இன்றும் கேட்கிறேன்: தன் கண் பார்க்காததைத் தன் வாய் சொல்லும்போது, பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும் ஒரு மொழியைவிட யோக்கியமான மொழி எது? பொய்யன் ‘ஆம்’ போடமாட்டான். ‘பார்த்தேன்’ என்பான்.

மாதாந்தரக் கூட்டத்தில் ஓய்வுபெறவிருந்த தலைமை ஆசிரியர் இரண்டு விளக்கங்களையும் படித்துக் காட்டினார். நான் நெடுநேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். முடித்ததும் அகரம் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டார்:

“அண்ணா, ஒரு சந்தேகம். யோக்கியமான வார்த்தைன்னா அதுக்கு ஒரு விலாசம் இருக்கணும்ல? ‘வந்தானாம்’னு சொன்னா, யாரு சொன்னான்னு அந்த வார்த்தைக்கே தெரியலையே. மொட்டைக் கடுதாசிக்கு வாலு முளைச்ச மாதிரியில்ல இருக்கு?”

எல்லாரும் சிரித்தார்கள். தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். தட்டச்சுப் பெண், “போச்சு சார், உங்க மெய்யை உயிர் ஜெயிச்சுருச்சு” என்றாள். நானும் சிரித்தேன். அகரத்தின் விளக்கமே ஏற்கப்பட்டது. அடுத்த வாரம், அடுத்த தலைமை ஆசிரியரும் அகரமே என்று அறிவித்தார்கள்.

அதில் எனக்கு வருத்தம் இருந்ததாக யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது ஊகம். வருத்தம் இருப்பவன் பாராட்டுக் கூட்டத்தில் பேசுவானா? நான் பேசினேன். அடுப்பங்கரையில் முடங்கிக் கிடந்த பெண்ணினம் அறிவரங்கின் தலைமை நாற்காலியில் அமரும் நாள் இது என்று பேசினேன். ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்னும் அநீதியைக் கொளுத்துவோம் என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அகரத்தின் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

ஆனால் அன்று முதல் என்னால் உட்கார முடியவில்லை. அட்டையை எடுப்பேன், வைப்பேன். சன்னலுக்குப் போவேன், திரும்பி வருவேன். மாடிப்படியில் காரணமில்லாமல் இறங்கிக் காரணமில்லாமல் ஏறுவேன். வீட்டில் உட்கார்ந்தால் அலுவலகத்தில் ஏதோ வைத்துவிட்டு வந்தது போலிருக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்தால் வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்தது போலிருக்கும். ஒரு சொல்லுக்கு எழுதிய பொருள் தவறு என்று தெரிந்தும் அது அச்சுக்குப் போகும்போது ஆசிரியனுக்கு வரும் வேதனை அது. உங்கள் துறையில் இருப்பவர்களுக்கு விளங்குமோ என்னவோ. என் விளக்கமே சரி என்பதற்குச் சான்று வேண்டும் என்று தோன்றியது. பழைய ஏடுகளில் இருந்து எடுக்கும் சான்று அன்று. வாழும் வாயில் இருந்து எடுக்கும் சான்று.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கோள் சொல்பவன் ஒருவனிடம் போய் இன்னொருவனைக் காட்டிக் கொடுக்கிறான். அவனுக்குப் பகை வேண்டும். புரளி கிளப்புபவனுக்கு ஆரவாரம் வேண்டும். வதந்திக்குக் கூட்டம் வேண்டும். புறங்கூறுபவனுக்கோ கேட்பவர் முகத்தைப் பார்த்துச் சுவைக்கும் நாக்கு வேண்டும். என்னிடம் இவை ஒன்றும் இல்லை. நான் சொன்னது ஒரு வாக்கியம். அதையும் இரக்கத்தோடு சொன்னேன்.

அட்டை அறையில் அகரம் ஒரு வெள்ளை மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, கண்ணை மூடிச் சற்று நேரம் சுவரில் சாய்ந்திருந்தார். அப்போதுதான் தட்டச்சுப் பெண் மெய்ப்புத் தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அலுவலகத்தில் அவளுக்கு ஒலிபெருக்கி என்று பெயர். அகரம் வெளியே போனபின் நான் குரலைத் தாழ்த்தி, “அகரம் மனசுக்கு ஏதோ மாத்திரை சாப்பிடுறாங்களாம். பாவம். நாமதான் பாத்து நடந்துக்கணும்” என்றேன்.

“நிஜமாவா சார்? பாத்தா அப்படித் தெரியவே இல்லையே.”

“பாத்தா தெரியாதாம்.”

“நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன் சார்.”

அந்த உறுதியை நம்பித்தான் அவளிடம் சொன்னேன்.

பிறகு காத்திருந்தேன். ஐயா, சொல்லை அனுப்பிவிட்டு அது திரும்பி வரக் காத்திருப்பதைப் போன்ற தவிப்பு வேறு இல்லை. கதவு திறந்தால் திரும்பிப் பார்ப்பேன். இரண்டு பேர் தேநீர்க் குவளையோடு நின்றால் அருகே போய்ச் சுவரில் இருக்கும் நாள்காட்டியைப் படிப்பேன். தாழ்வாரத்தில் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. வரவில்லை. ஒருவரும் என்னிடம் அதைப் பேசவில்லை. சொல் செத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அது என் வீட்டு வழியாகத் திரும்பி வந்தது. சாப்பாட்டில் கைவைத்திருந்தேன். என் மனைவி எதிரே உட்கார்ந்து சொன்னாள்:

“ஏங்க, உங்க ஆபீஸ்ல அகரமாம் புகரமாம், ஒருத்தி இருக்காளாமே. ராத்திரி பூரா தனியா பேசுறாளாம். பெத்த புள்ள கழுத்தையே நெரிக்கப் போனாளாம். அண்ணிக்காரி ஓடி வந்து புடுங்கினாளாம். உங்களுக்கு ஒண்ணும் தெரியாதா?”

“உனக்கு யாரு சொன்னா?”

“யாரு சொன்னா என்ன, ஊரே பேசுது. உங்களுக்குத்தான் எதுவும் காதுல ஏறாதே. எதுக்கும் அவகிட்ட தள்ளியே நில்லுங்க. கத்தி கித்தி வச்சிருக்கப் போறா.”

மாத்திரை என்று மட்டுமே நான் அனுப்பினேன். கழுத்தும் அண்ணியும் வழியில் ஏறிக்கொண்டவை. ‘அகரமாம் புகரமாம்’ என்று என் மனைவி சொன்னதும் அந்த ஒட்டின் இன்னொரு பயன்பாடு, இளக்காரப் பொருள். அதை அகரமும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. மறுநாள் முதல் வேலையாக அட்டையில் சேர்த்தேன்.

உங்கள் முகம் மாறுகிறது. எல்லாப் பழியையும் என் தலையில் வைக்குமுன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் படிக்காதவர் எவரும் இல்லை. சொல்லுக்கு வேர் எது, கிளை எது என்று தேடிச் சம்பளம் வாங்குகிறவர்கள் அனைவரும். இந்தச் செய்திக்கு வேர் எது என்று எவரேனும் தேடினார்களா? ஆணொருவனைப் பற்றிச் சொல்லியிருந்தால் ‘போய்யா, வேலையைப் பாரு’ என்றிருப்பார்கள். தனியாக வாழும் பெண் என்றதும் காது தானே திறந்துகொண்டது. கணவன் அடிக்கும்போது பொறுத்திருந்தால் அவளைப் பொறுமைசாலி என்றிருப்பார்கள். பொறுக்காமல் வந்ததால் திமிர் என்றார்கள். தலைமைப் பதவி கிடைத்ததும் திமிர் என்ற சொல் போதவில்லை. போதாத இடத்தில் நான் ஒரு சொல்லை வைத்தேன். அதன்பின் அகரம் சிரித்தால் காரணமில்லாத சிரிப்பு, சிரிக்காவிட்டால் இருண்ட முகம், பேசினால் பிதற்றல், பேசாதிருந்தால் உள்ளே என்னமோ ஓடுகிறது. நான் ஒரு செங்கல் வைத்தேன், ஐயா. சிறைச்சாலையை அவர்கள் கட்டினார்கள்.

முதலில் அவர் மேசையிலிருந்து காகிதக் கத்தி காணாமற்போனது. பிறகு பசைக் கிண்ணம். பிறகு கண்ணாடிக் குவளைக்குப் பதில் தகரக் குவளையில் தேநீர் வந்தது. அகரம் என்னிடம்தான் வந்தார்.

“அண்ணா, என்ன நடக்குது இங்க? காது கேக்காதவங்ககிட்ட பேசுற மாதிரி எல்லாரும் என்கிட்ட நிறுத்தி நிறுத்தி, சத்தமாப் பேசுறாங்க. நான் உள்ள வந்தா பேச்சு நிக்குது. எனக்குத்தான் அப்படித் தோணுதா?”

“நீங்க ரொம்ப யோசிக்கிறீங்கம்மா. கொஞ்ச நாள் லீவு போட்டு ரெஸ்ட் எடுங்க.”

நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன். அவரும் கேட்டார். அவர் விடுப்பில் இருந்த நாள்களில் எங்கே போயிருக்கிறார் என்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர் மகளோடு வீட்டில் இருந்தது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்த அன்று தட்டச்சுப் பெண்ணிடம் கத்தியைக் கேட்டிருக்கிறார். அவள் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “வேணாம்க்கா, நீங்க உக்காருங்க. நானே வெட்டித் தரேன்க்கா” என்று பின்வாங்கியிருக்கிறாள். அகரம் அவளையே பார்த்தார். அறையில் இருந்த எல்லாரையும் பார்த்தார். பிறகு ‘ஆ’ வரிசைச் சொற்கள் இருந்த ஆகார இழுப்பறையை உருவி எடுத்துத் தரையில் எறிந்தார். அட்டைகள் அறை முழுதும் சிதறின. அவர் கத்தவில்லை. “கேளுங்களேன், என்கிட்டயே கேளுங்களேன்” என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை ஒரு விந்தையைக் கவனித்தேன். ‘எறிஞ்சாங்களாம்’ என்று எவரும் சொல்லவில்லை. ‘எறிஞ்சாங்க, என் கண்ணால பாத்தேன்’ என்றார்கள். வாலில் ஒட்டியிருந்த ஆம் உதிர்ந்துவிட்டது. கேள்விப்பட்டவர்கள் எல்லாம் சாட்சிகள் ஆகிவிட்டார்கள். இத்தனை நாள் காற்றில் திரிந்த செய்தி அன்றுதான் தரையில் கால் ஊன்றியது.

அகரத்தின் கணவன் மகளைக் கேட்டு மனுப் போட்டான். பேச்சு அவன் வரைக்கும் போயிருந்தது. அகரத்தின் அண்ணன் அலுவலகத்துக்கு என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதர், கையில் வைத்திருந்த சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே இருந்தார்.

“சார், அவ உங்களத்தான் பெரிசா சொல்லுவா. கூடப் பொறந்த நான் வீட்ல இருக்கிறேன், ஒண்ணும் தெரியல. என் சம்சாரம் பயப்படுறா. நீங்க தினம் பாக்குறீங்க. நீங்களே சொல்லுங்க சார், அவளுக்கு நிஜமாவே…”

“நான் என்னத்தச் சொல்றது. எனக்குன்னு தனியா ஒண்ணும் தெரியாது. ஆனா எல்லாரும் சொல்றாங்களே.”

“அப்ப ஒரு டாக்டர்கிட்ட காட்டிடலாமா?”

“காட்டுறதுல தப்பில்லையே.”

தனியாகப் போகத் தயங்கினார். துணைக்கு வருகிறேன் என்றேன். தலைவலிக்கு வைத்தியம் பார்க்கப் போவதாக அகரத்திடம் சொல்லியிருந்தார்கள். நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவில் அகரம். வண்டி வாயிலில் நுழைந்ததும் பலகையைப் படித்தார். படித்ததும் புரிந்துகொண்டார். அவர் கூச்சலிட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். முன்னால் குனிந்து என் தோளைத் தொட்டார்.

“அண்ணா, நீங்களாவது சொல்லுங்க. நான் போடுறது ஒத்தைத் தலைவலி மாத்திரைதான். நீங்கதானே கடைக்குப் போயி வாங்கிட்டு வந்து குடுப்பீங்க. அன்னிக்கு அட்டை ரூம்லகூட நீங்கதானே குடுத்தீங்க.”

அண்ணன் என் பிடரியைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. “அவ சொல்றது நிஜமா சார்?” என்றார்.

வெளியே ஒரு தோட்டக்காரர் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். தண்ணீர் வரவில்லை. மறுபடியும் திருகினார்.

“அப்படின்னு அவங்க நினைச்சுக்கிட்டிருக்காங்க” என்றேன்.

இதைப் பொய் என்று நீங்கள் எழுத முடியாது, ஐயா. அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் கை என் தோளிலிருந்து விலகியது. பிறகு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தாமே இறங்கி நடந்தார். அந்த அமைதியையும் மருத்துவர் நோயின் குறியாக எழுதிக்கொண்டாராம். இதை எனக்கு அவருடைய அண்ணன் சொன்னார். ஆகவே இந்த ஆம் முறையான ஆம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்கு யார் சொன்னது?

யாரும் சொல்லவில்லை.

ஒட்டி நிற்கும் ஆமுக்கு முன்னால் ஒரு வாய் இருக்கவேண்டும். என் ஆமுக்கு முன்னால் வாய் இல்லை. நான் எதையும் கேள்விப்படவில்லை. கேள்விப்படாததோடு மட்டுமின்றி, கண்ணால் பார்த்திருந்தேன். அந்த மாத்திரை எதற்கு என்பதை அந்தக் கட்டடத்தில் அறிந்திருந்த ஒரே ஆள் நான். அவர் சித்தம் கலங்கவில்லை. மகளின் கழுத்தில் அவர் கைவைக்கவில்லை. செய்தியைப் பெற்றவனும் நான், வளர்த்தவனும் நான், மருத்துவமனை வாயில்வரை கொண்டுபோய் விட்டவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள். கையொப்பம் இடுவேனா என்று கேட்கிறீர்கள். ஆம்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியர் பொறுப்பை இப்போது நான் பார்க்கிறேன். ஆகாரப் பகுதி அச்சுக்குப் போனபோது அவருடைய விளக்கத்தை நான் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அவர் எழுதியபடியே போயிற்று. எனக்குப் பகை இருந்திருந்தால் அதைச் செய்திருப்பேனா?

எழுந்துவிட்டீர்கள். சற்றுப் பொறுங்கள். மகளை நேரில் கேட்டபோது, அம்மாவிடம் போக மாட்டேன் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள் அல்லவா? தகப்பன் சொல்லிக் கொடுத்த பாடம் அது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். செய்யாத குற்றத்தை ஒருவன்மேல் சுமத்துவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவன் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவளுடைய பள்ளி நான் நடந்துபோகும் வழியில் இருக்கிறது. ஒருநாள் வாயிற்கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், “மாமா, அம்மா எப்ப வருவாங்க? நான் டெய்லி இங்கயே நிக்கிறேன்” என்றாள். போகிற வருகிறவர்களெல்லாம் பார்த்தார்கள். பையின் வார் தோளிலிருந்து நழுவி முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

“அம்மாவுக்கு உன்னப் பாக்கவே புடிக்கலையாம், கண்ணு. நீ நிக்க வேணாம்” என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “யாரு சொன்னா?” என்றாள்.

“அம்மாதான்.”

உடனே அழுகை நின்றுவிட்டது. பையை ஏற்றி மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு அவள் அந்த வாசலில் நிற்பதே இல்லை. அடிக்காமல், அதட்டாமல், ஒரு குழந்தையின் அழுகையை நிறுத்துவது அத்தனை எளிதன்று, ஐயா. எனக்குச் சாதகமாக எழுத அறிக்கையில் ஏதேனும் இடம் இருந்தால், இதை அங்கே எழுதிக்கொள்ளுங்கள்.